ஜெயித்த அணி எங்கே போகும்? இந்தியக் கால்பந்து லீக் பற்றி ஒரு கணக்கு

2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து, சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. 20 ஆட்டங்களில் 43 புள்ளி. இரண்டாவது வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்திருந்தார். ஐ-லீகையோ அதற்கு முன்பிருந்த தேசியக் கால்பந்து லீகையோ ஒரு தமிழ்நாட்டு அணி வென்றது அதுவே முதல் தடவை.

அடுத்த மாதம் சூப்பர் கப். இரண்டு லீக் அணிகளும் நேருக்கு நேர் மோதக் கிடைத்த ஒரே இடம் அதுதான். அங்கே கால் இறுதியில் சென்னை சிட்டி யாரைத் தோற்கடித்தது தெரியுமா? அந்த வருஷ ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு எஃப்.சி.யை, 2-1 என்று.

அதே 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு ஒரு வழிவரைபடம் வந்தது. இனி ஐ.எஸ்.எல். முதல் நிலை லீக், ஐ-லீக் அதற்குக் கீழே. அதாவது ஒரு அணி தேசிய சாம்பியனாகி எட்டு மாதத்துக்குள், அது ஜெயித்த லீகே இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டது. அணி தோற்று இறங்கவில்லை. நின்றுகொண்டிருந்த தரையை இறக்கிவிட்டார்கள். 2021-22 சீசனில் ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

ஒரு லீகைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். யார் ஆடலாம்? ஜெயித்தவர் யார் என்பதை எப்படி முடிவு செய்வது? வருகிற காசு யாருக்கு? மூன்றும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரியும். உண்மையில் மூன்றாவதற்கு முதலில் பதில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்றபடி மற்ற இரண்டையும் எழுதியதுதான் கடந்த 15 வருஷ இந்தியக் கால்பந்தின் கதை. இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

காசு முதலில்

2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய். பதிலுக்கு இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள் மொத்தமும் அந்தப் பக்கம் போயின: ஒளிபரப்பு, விளம்பரதாரர், புதிதாக ஒரு லீக் தொடங்கும் உரிமை எல்லாமே. அதிலிருந்து 2014இல் பிறந்ததுதான் ஐ.எஸ்.எல். நடத்துவது எஃப்.எஸ்.டி.எல். என்ற நிறுவனம்.

700 கோடி என்றால் பெரிய தொகை மாதிரி இருக்கும். வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்குச் சராசரியாக 47 கோடிகூட இல்லை. பக்கத்தில் ஐ.பி.எல்.ஐ வைத்துப் பார்க்கலாம். 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல். ஊடக உரிமை 48,390 கோடிக்குப் போனது, 410 ஆட்டங்களுக்கு. ஓர் ஆட்டத்துக்கு 118 கோடி. ஆறே ஆறு ஐ.பி.எல். ஆட்டத்தின் ஒளிபரப்பு விலைதான் இந்தியக் கால்பந்தின் 15 வருஷம்.

இது முழுக்க நியாயமான ஒப்பீடு இல்லைதான். ஒன்று 2010இல் போட்டது, மற்றது 2022இல் ஏலம் விட்டது. ஒன்று ஒளிபரப்பாளர் கொடுக்கிற விலை, மற்றது நடத்துகிறவர் சம்மேளனத்துக்குக் கட்டுகிற தொகை. ஆனாலும் அளவு புரிவதற்கு இது போதும். தெருவோரக் கடையில் கல்லாப்பெட்டியைப் பார்த்துவிட்டு நகைக்கடைக்குப் பூட்டு வாங்கின கதையாக, இல்லாத வருமானத்தைப் பாதுகாப்பதற்காகக் கதவுகள் எல்லாம் இங்கே சாத்தப்பட்டன.

மூடிய கதவு: யாருக்கு லாபம்?

ஐ.எஸ்.எல். தொடங்கும்போது 8 அணி. காசு கட்டி உரிமம் வாங்கியவர்கள் மட்டுமே உள்ளே. கடைசியில் வந்தாலும் அடுத்த வருஷம் அதே லீகில்தான் இருப்பார்கள். கீழே எவ்வளவு நன்றாக ஆடினாலும் மேலே வர வழி கிடையாது. 2016-17இல் ஐஸ்வால் எஃப்.சி. ஐ-லீகை ஜெயித்தது. மிசோரமிலிருந்து வந்த அணி. அடுத்த வருஷம் மினர்வா பஞ்சாப். அதற்கு அடுத்து சென்னை சிட்டி. மூன்று வருஷம், மூன்று சிறிய அணிகள், மூன்று சாம்பியன்கள். ஒன்றுக்கும் கதவு திறக்கவில்லை.

2020இல் திறந்தது. யாருக்கு? மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும். மோகன் பகான் அந்த வருஷ ஐ-லீக் சாம்பியன்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போனது அந்தப் பட்டத்தால் அல்ல. ஏற்கெனவே ஐ.எஸ்.எல்.-இல் இருந்த ஏ.டி.கே. அணியோடு இணைந்ததால். ஈஸ்ட் பெங்கால் ஒரு சிமெண்ட் நிறுவனத்தின் முதலீட்டோடு போனது. இரண்டும் நூற்றாண்டு கண்ட கிளப்புகள், லட்சக்கணக்கான ரசிகர்கள் கூடவே வருவார்கள். ஒளிபரப்புக்கு அது வேண்டும். ஐஸ்வாலின் ரசிகர்களும் கோயம்புத்தூர் ரசிகர்களும் அந்தக் கணக்கில் வரவில்லை.

இதில் சென்னை சிட்டியை வெறும் தியாகியாகக் காட்டவும் முடியாது. 2016-17இல் ஐ-லீகுக்குள் அது நுழைந்ததே நேரடி அனுமதி வழியாகத்தான். கீழ் டிவிஷனில் ஜெயித்து ஏறி வரவில்லை. ஆக, இரண்டு லீகிலும் காசு கட்டி நுழையும் வாசல் இருந்தது. மேல் லீகில் அதைத் தவிர வேறு வாசல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: ஐ.பி.எல்.-உம் மூடிய லீக்தானே? பத்து அணியில் கடைசியாக வந்தாலும் யாரும் இறங்குவதில்லையே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

நல்ல கேள்வி. கிரிக்கெட்டில் ஏணி ஏறுவது அணி இல்லை, ஆட்டக்காரர். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் 2016இல் டி.என்.பி.எல். ஆடினார், 2017 ஏலத்தில் 3 கோடிக்குப் போனார். அவர் ஆடிய அணி எதுவும் மேலே ஏறத் தேவைப்படவில்லை. ரஞ்சி, முஷ்டாக் அலி, மாநில லீக் என்று தனி ஆளை மேலே தூக்க வேறு படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளுக்கெல்லாம் செலவழிக்க வாரியத்திடம் காசும் இருக்கிறது.

கால்பந்தில் ஏணியே கிளப்தான். ஓர் ஊரில் ஒரு கிளப் வளர்ந்தால்தான் அந்த ஊர்ப் பையன்களுக்கு மைதானம், பயிற்சியாளர், சம்பளம் எல்லாம். கிளப் ஏற முடியாது என்றால் அதில் காசு போட யார் வருவார்கள்? சென்னை சிட்டியில் ஆடிய எட்வின் சிட்னி வான்ஸ்பால் பின்னால் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். ஆட்டக்காரர் தப்பித்தார். அவருக்குப் பின்னால் வரவேண்டிய வரிசைதான் கலைந்துபோனது. ஐ.பி.எல். என்ற சட்டையை அளவு பார்க்காமல் கால்பந்துக்கு மாட்டிவிட்டதில் நடந்தது இது.

பிளே-ஆஃப்: நாமும் பலன் அடைந்தவர்கள்தான்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஜெயித்தது யார்?

ஐ.எஸ்.எல்.-இன் முதல் நான்கு சீசன்களில் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பிடித்த அணி ஒரு தடவைகூடக் கோப்பையைத் தூக்கவில்லை. 2014இல் முதலிடம் நம்ம சென்னையின் எஃப்.சி. அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் தோற்றது. கோப்பை மூன்றாவது வந்த கொல்கத்தாவுக்கு. 2015இல் முதலிடம் கோவா, கோப்பை மூன்றாவது வந்த சென்னைக்கு. 2016இல் முதலிடம் மும்பை, கோப்பை நான்காவது வந்த கொல்கத்தாவுக்கு. 2017-18இல் பெங்களூரு 18 ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்து முதலிடம். சென்னையின் 32 புள்ளியோடு இரண்டாவது. மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த இறுதியில் சென்னை 3-2 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தது.

தமிழ்நாட்டு ரசிகனாக அந்த ராத்திரி கொண்டாடாமல் இருக்க முடியாது. மைல்சன் ஆல்வெஸின் அந்த இரண்டு தலைமுட்டு கோல்களை இப்போதும் தேடிப் பார்க்கலாம். ஆனால் நாலு மாதம் ஆடிய ஆட்டத்தில் எட்டுப் புள்ளி அதிகம் எடுத்தவன் சாம்பியன் இல்லை, ஒரு ராத்திரி நன்றாக ஆடியவன் சாம்பியன் என்றால், அந்த நாலு மாதம் எதற்கு?

பிளே-ஆஃப் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரு அணி பாதி சீசனிலேயே ஓடிப்போய் முன்னால் நின்றுவிட்டால் மீதி ஆட்டங்களை யார் பார்ப்பார்கள்? கீழே இறங்கும் ஆபத்தும் இல்லாத லீகில், நடுவிலும் கடைசியிலும் இருக்கிற அணிகளுக்கு ஆட என்ன இருக்கிறது? ஐரோப்பிய லீகுகளில் கடைசி வாரத்தில் அழுகை பட்டியலின் அடியில்தான் இருக்கும். இங்கே அடியில் ஒன்றுமில்லை. அதனால் மேலே ஒரு செயற்கைப் பரபரப்பு வேண்டியிருக்கிறது. முதலில் நாலு அணி, 2022-23 முதல் ஆறு அணி. கதவை மூடியதால் உண்டான சலிப்பை மறைக்கத்தான் பிளே-ஆஃப் விரிகிறது. முதல் கேள்விக்குத் தப்பான பதில் எழுதினால் இரண்டாவது கேள்விக்கும் தப்பாகத்தான் எழுத வேண்டிவரும்.

2019-20இல் லீக் ஷீல்டு என்று ஒன்றைக் கொண்டுவந்து, பட்டியலில் முதலிடம் வருபவருக்குக் கொடுத்தார்கள். முதல் தடவை அதை வாங்கியது எஃப்.சி. கோவா. கூடவே ஆசிய சாம்பியன்ஸ் லீக் இடமும் கிடைத்தது. அது சரியான திருத்தம். ஆனால் ஷீல்டு வாங்கியவர் ஒருவர், சாம்பியன் என்று அழைக்கப்படுபவர் இன்னொருவர் என்ற குழப்பம் தீரவில்லை.

அமெரிக்காவில் இதே நோய், வேறு உடம்பில்

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவின் கல்லூரி ஃபுட்பால், அந்த முட்டை வடிவப் பந்து ஆட்டம், இதே மூன்று கேள்விகளில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. 2014 முதல் நாலு அணி பிளே-ஆஃப். யார் அந்த நாலு என்பதை ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்யும். 2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் அணி ஆடிய 13 ஆட்டத்தையும் ஜெயித்தது, தன் கான்ஃபரன்ஸின் சாம்பியனும் ஆனது. குழு அதை எடுக்கவில்லை. ஒரு ஆட்டம்கூடத் தோற்காதவனுக்கு இடமில்லை. நம்ம சென்னை சிட்டி ஞாபகம் வருகிறதா?

2024இல் அது 12 அணியாக விரிந்தது. 2026 முதல் ஆறு ஆண்டுக்கான ஒளிபரப்பு ஒப்பந்தம் 780 கோடி டாலர். அந்தப் பணத்தில் பிக் டென், எஸ்.இ.சி. என்ற இரண்டு கான்ஃபரன்ஸுக்குத் தலா 29 சதவீதம். மீதியைத்தான் மற்ற எல்லாரும் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாய்ச்சலில் பசிஃபிக் கரையின் பேக்-12 என்ற பழைய கான்ஃபரன்ஸ் உடைந்து, 12 அணியில் 10 வேறிடம் போய்விட்டன. பசிஃபிக் கரையிலிருக்கிற ஸ்டான்ஃபோர்டு இப்போது அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸில் ஆடுகிறது. தூத்துக்குடி அணி வங்காள மாவட்ட லீகில் ஆடுகிற மாதிரி.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே சண்டை இருக்கிற பணத்தைப் பங்கு போடுவதில். பார்வையாளர்கள் நூறு வருஷமாகச் சேர்ந்தவர்கள். மரம் வளர்ந்து காய்த்த பிறகுதான் வேலி போட்டார்கள். இங்கே விதை போடும்போதே வேலி போட்டாயிற்று.

2025: ஏலத்தில் யாருமே வரவில்லை

அந்த 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய வேண்டும். சம்மேளனத்தின் புதிய சட்டவிதிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததால் புதுப்பிக்கும் பேச்சு நடக்கவில்லை. ஜூலையில் எஃப்.எஸ்.டி.எல். புதிய சீசனை நிறுத்திவைப்பதாகச் சொல்லிவிட்டது. ஆகஸ்டில் பெங்களூரு, சென்னையின், ஒடிஷா என்று கிளப்புகள் ஒவ்வொன்றாகச் செயல்பாட்டையோ சம்பளத்தையோ நிறுத்தின. ஆட்டக்காரர்கள் மட்டும் இல்லை, பிசியோ, கிட் ஆள், அகாடமிப் பயிற்சியாளர் என்று எத்தனையோ குடும்பங்களின் மாத வரவு அதில் இருந்தது.

செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் புதிய சட்டவிதிகளுக்கு ஒப்புதல் தந்தது. பிறகு டெண்டர் விட்டார்கள். ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி, அல்லது மொத்த வருவாயில் 5 சதவீதம், எது அதிகமோ அது. பழைய சராசரியைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். நவம்பர் 7 கடைசி நாள். ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. கடைசியில் 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டு அமைச்சர், பிப்ரவரி 14 முதல் 14 கிளப்புகளோடு, 91 ஆட்டங்களாகச் சுருக்கி லீக் நடக்கும் என்று அறிவிக்க வேண்டியிருந்தது.

என்னைப் பொறுத்தவரை இதுதான் முடிவான சாட்சி. கதவை மூடினால் முதலீடு பத்திரமாக இருக்கும், முதலீடு பத்திரமாக இருந்தால் லீக் வளரும், லீக் வளர்ந்தால் ஒளிபரப்பு விலை ஏறும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் வாதம். பதினைந்து வருஷம் கழித்து அந்தப் பொருளைச் சந்தையில் வைத்தால் கேட்க ஆள் இல்லை.

எதிர்த்தரப்பில் சொல்வதற்கும் இருக்கிறது. ஐ.எஸ்.எல். வந்த பிறகுதான் ஆட்டக்காரர்களுக்கு ஒழுங்கான சம்பளம் வந்தது, மைதானங்கள் சரியாயின, எல்லா ஆட்டமும் தொலைக்காட்சியில் வந்தது, கிளப்புகள் இளையோர் அணி வைக்க வேண்டியிருந்தது. வருஷா வருஷம் நஷ்டப்பட்டும் முதலாளிகள் பணம் போட்டார்கள். இறங்கும் ஆபத்து இருந்திருந்தால் அவர்கள் வந்தே இருக்கமாட்டார்கள் என்பதும் உண்மையாக இருக்கலாம். அப்படியே வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து வருஷத்துக்கு அந்தப் பாதுகாப்பு சரி. அதன் பிறகு? வழிவரைபடத்தின்படி 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன் மேலே ஏறலாம், 2024-25 முதல் இறக்கமும் வர வேண்டும். ஏற்றம் வந்தது: 2023இல் பஞ்சாப், 2024இல் மொகமதன் ஸ்போர்ட்டிங். இறக்கம் வரவில்லை. 13 அணி ஆடிய 2024-25 சீசனில் கடைசியாக வந்த மொகமதன் கீழே போகவில்லை. தற்காலிகச் சாரம் என்று கட்டியது நிரந்தரச் சுவராகிவிட்டது.

கடலூர்ப் பக்கம் கொஞ்சம்

இதை எழுதுவது ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து. இங்கே பந்து என்றால் கிரிக்கெட் பந்துதான். பூவராகர் தேருக்கு வருகிற கூட்டத்தில் நூறு பேரை நிறுத்தி ஐ-லீக் என்றால் என்ன என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். விருத்தாசலம் வரைக்கும் போனாலும் அதே கதைதான்.

ஆனால் இதே கடலூர் மாவட்டத்திலிருந்து இந்திய மகளிர் அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் வந்திருக்கிறார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2018இல் மணிப்பூரை இறுதியில் தோற்கடித்துத் தமிழ்நாடு முதன்முறையாக தேசிய மகளிர் சாம்பியன் ஆனபோது அந்த அணியில் இருந்தவர். 2023இல் தமிழ்நாடு மறுபடியும் ஜெயித்தது. நடுவில் 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீகை வென்றது.

ஆண்கள் பக்கம் நூற்றுக்கணக்கான கோடி புரண்ட அதே காலத்தில், ஊடக உரிமை என்று சொல்லத்தக்க வருமானம் எதுவும் இல்லாத பக்கத்திலிருந்து வந்த வெற்றிகள் இவை. மாவட்டத்தில் ஒரு பயிற்சியாளர், ஒரு மைதானம், படிப்போடு சேர்ந்த ஒரு விடுதி, ஜெயித்தால் ஒரு அரசு வேலை. இந்த ஏணியில் படிகள் குறைவு, ஆனால் எந்தப் படியையும் யாரும் பூட்டவில்லை. திறமை எங்கே இருக்கிறது என்பதைக் காசு சொல்லாது என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் எனக்கு வேண்டாம்.

என்ன செய்யலாம்

பெரிய திட்டமெல்லாம் என்னிடம் இல்லை. மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதும் வரிசையை மாற்றினால் போதும் என்று தோன்றுகிறது. யார் ஆடலாம் என்பதற்கு: கீழே ஜெயித்தவர் ஏறட்டும், மேலே கடைசி வந்தவர் இறங்கட்டும், இறங்குகிற கிளப் ஒரே வருஷத்தில் செத்துப்போகாதபடி இரண்டு வருஷத்துக்கு ஓர் உதவித்தொகை. ஜெயித்தது யார் என்பதற்கு: புள்ளிப்பட்டியலில் முதலிடம் வந்தவர்தான் சாம்பியன். பிளே-ஆஃப் வேண்டுமென்றால் அதை ஒரு தனிக் கோப்பையாக வைத்துக்கொள்ளுங்கள். காசு யாருக்கு என்பதற்கு: வருகிற தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இரண்டாம் நிலை லீகுக்கும் மகளிர் லீகுக்கும் இவ்வளவு சதவீதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பெரிய தொகை வந்த பிறகு எழுதலாம் என்றால் யாரும் எழுதவிடமாட்டார்கள். அமெரிக்காவின் அந்த 29 சதவீதக் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

இப்போது சந்தை விலை கிட்டத்தட்டப் பூஜ்யம். பங்கு கேட்டுச் சண்டை போட ஆள் இல்லாத இந்த நேரத்தில்தான் விதியை நியாயமாக எழுத முடியும். அடுத்த தடவை கோயம்புத்தூரிலோ கடலூரிலோ ஒரு அணி லீகை ஜெயித்தால், மறுநாள் காலையில் அந்தப் பையன்கள் கேட்கிற முதல் கேள்விக்கு ஒரு பதில் இருக்க வேண்டும்: அடுத்த வருஷம் நாங்கள் யாரோடு ஆடுவோம்?